மழைக்காலக் குதிரைக் காய்ச்சல்

மழை பெய்து ஈ பெருகும் காலத்தில் குதிரைக்கு வரக்கூடிய பொல்லாத நோய் சர்ரா. காய்ச்சல் வரும், தானே விடும், மறுபடி அடிக்கும். கொள்ளும் புல்லும் வழக்கம்போலத் தின்றாலும் உடம்பு வற்றிக்கொண்டே போகும். ஈறு வெளுக்கும், காலிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்துக்கொள்ளும்.

காரணம், ரத்தத்தில் நீந்தும் ஒரு நுண்ணுயிர். 1880-இல் பஞ்சாபில் பணியாற்றிய ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் இதை நுண்ணோக்கியில் கண்டார். இதுதான் நோய்க்குக் காரணம் என்று அவர் சொன்னதை அன்றைய பெரியவர்கள் நம்பவில்லை என்பது தனிக்கதை.

பரப்புவது ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள். குதிரை வாலை வீசி விரட்டியதும், அரைவயிற்றோடு பறந்து பக்கத்துக் குதிரைமேல் உட்காரும். வாயில் ஒட்டிய ஈர ரத்தத்தோடு கிருமியும் போய்ச் சேரும்.

மருத்துவரைக் காய்ச்சல் அடிக்கும்போதே அழையுங்கள். அப்போது எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் கிருமி நெளிவது தெரியும். காய்ச்சல் விட்டபின் எடுத்தால் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்க் குதிரை வாங்குபவர்கள், அதை மற்ற குதிரைகளோடு கட்டுமுன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.