தீக்குச்சிக்கு முந்தைய வேலை

மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படியும். அந்தக் குளிரில் கணப்பு மூட்ட உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் பெரிய கட்டையில்தான் தொடங்குகிறார்கள். தீக்குச்சிகள் தீர்கின்றன. கட்டை கறுத்துப் புகைகிறதே தவிர, பற்றுவதில்லை.

சுடர்விட்டு எரிவது உண்மையில் கட்டையல்ல; சூடேறிய மரத்திலிருந்து கிளம்பும் வாயு. அதற்கு மரம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம். அது ஆவியாகும்வரை, கொடுக்கிற சூடெல்லாம் அதற்கே போய்விடும். ஈர்க்குச்சி போன்ற சுள்ளியோ சில நொடிகளில் சூடேறிவிடும்.

ஆகவே முக்கால்வாசி வேலை, பொறுக்குவதுதான். முதலில் பொறியைப் பிடித்துக்கொள்ளும் பஞ்சு வேண்டும். தென்னை மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் பன்னாடையும், பிரித்து உதறிய தேங்காய் நாரும் இதற்கு அருமையானவை. மலைப்பகுதியில் காய்ந்த பைன் ஊசியிலை; அதில் பிசின் இருப்பதால் சட்டென்று பிடிக்கும். கூந்தல்பனையின் மட்டை அடியில் படியும் மெல்லிய பஞ்சைச் சக்கிமுக்கிக் கல்லின் பொறியைப் பிடிக்கப் பயன்படுத்தினார்கள்.

பிறகு சுள்ளி, விரல் தடிமனில் குச்சி, கடைசியாகத்தான் விறகு. மண்ணோடு கிடப்பது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கிளைகளில் சிக்கிக் காய்ந்ததே நல்லது. ஒடித்தால் 'சடக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஒதுக்கிவிடலாம். அரளியை மட்டும் தொடவே கூடாது. அதன் புகையும் நஞ்சு.

பஞ்சை நடுவில் வைத்து, சுள்ளிகளைக் கூம்பாகச் சாய்த்து, காற்று வரும் பக்கம் ஒரு வாசல் விட வேண்டும். அந்த வாசல் வழியாக அடியில் கொளுத்தினால், மேலெழும் சுடரே அடுத்த குச்சியைக் காய்ச்சிப் பற்றவைக்கும். ஆசையோடு விறகை அள்ளிப் போட்டால் காற்று அடைபட்டு அணைந்துவிடும். சுற்றி வைக்கும் கற்களை ஆற்றிலிருந்து எடுக்கக் கூடாது. உள்ளே புகுந்த நீர் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கலாம்.

தீப்பெட்டி இல்லாத காலத்திலும் வரிசை இதுதான். கட்டையில் கோலைக் கடையும்போது வருவது சுடரல்ல, கனன்ற மரத்தூள். அதைப் பஞ்சில் ஏந்தி ஊதியே சுடராக்க வேண்டும். சங்கத் தமிழில் அந்தக் கோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். வீட்டுக் கூரையின் இறவாரத்தில் சும்மா செருகிக் கிடந்தாலும் உள்ளே நெருப்பை வைத்திருக்கும் அந்தக் கோலுக்குத்தான் மன்னன் அதியமானை ஒப்பிட்டார் ஔவையார்.

மூட்டுவதைவிட அணைப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களில் 23 பேரின் உயிரைப் பறித்தது. காய்ந்த புல் எத்தனை வேகமாக எரியும் என்பதை அந்த மலைச்சரிவு காட்டியது. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். அனுமதியுள்ள முகாமிலும் புல்லைச் செதுக்கி, வெறும் மண்ணில்தான் மூட்ட வேண்டும். கிளம்பும்போது மண்ணை அள்ளி மூடினால் போதாது; அடியில் கங்கு மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோக, துளிச் சூடு தெரிந்தாலும் இன்னொரு குடம் தண்ணீர்.