ஓர் இலட்ச ரூபாய்க் கார்: கொடுத்த காசுக்குத் தகுமா?

2009-ஆம் ஆண்டு மார்ச் மாதம். எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இயற்பியல் ஆய்வக உதவியாளர் ஒரு நாளிதழை மடித்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், ஓர் இலட்ச ரூபாய்க்குக் கார் வந்துவிட்டதாம். எடுக்கலாமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று கேட்டார்.

அவர் வீட்டில் நான்கு பேர். கோயிலுக்கானாலும் கல்யாணத்துக்கானாலும் நால்வரும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் போவார்கள். மூத்த பெண் பெட்ரோல் தொட்டியின் மேல் உட்கார்ந்திருப்பாள். சின்னவன் அம்மாவின் மடியில் இருப்பான். மழை வந்தால் ஏதாவது கடை வாசலில் ஒதுங்கி நிற்பார்கள். ஆகவே அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

நானும் உடனே பென்சிலை எடுத்து, விடைத்தாளின் உறையில் கணக்குப் போட்டுக் காட்டி, "தகும்" என்று சொல்லிவிட்டேன். அந்த விடை பாதிதான் சரி. விட்டுப்போன பாதி எது? மாணவ நண்பர்களே, உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிப்போம், வாருங்கள்.

விலை எப்படிக் குறைந்தது?

அந்தக் கார்தான் டாட்டா நானோ. 2008 சனவரி 10-ஆம் நாள் தில்லி மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. இரு சக்கர வண்டியில் குழந்தை குட்டிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு போகும் குடும்பங்களைப் பார்த்ததே இந்த எண்ணத்துக்குக் காரணம் என்று ரத்தன் டாட்டா கூறினார். தொழிற்சாலை விலை ஓர் இலட்சம். வரியும் போக்குவரத்துச் செலவும் சேரும்போது அதற்கு மேல் ஆகும். அப்படியும், அதுவரை மலிவான கார் என்று பெயர் பெற்றிருந்த மாருதி 800-இன் விலையில் இது ஏறக்குறையப் பாதிதான்.

எந்தப் பொருளின் விலையும் மந்திரத்தால் குறைவதில்லை. எதையோ குறைத்தால்தான் விலை குறையும். நானோவில் குறைத்தவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: அறிவைக் கொண்டு குறைத்தவை, வசதியைக் குறைத்தவை, பாதுகாப்பைக் குறைத்தவை. விலைச் சீட்டில் இந்த மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் வண்டியில் உட்காருபவருக்கு இவை ஒன்றல்ல.

மூங்கில் கற்பிக்கும் பாடம்

முதல் வகைக்கு ஓர் அழகான எடுத்துக்காட்டு நானோவின் ஸ்டியரிங் தண்டு. அது உள்ளே கூடாக இருக்கும் குழாய். "அட, இரும்பை மிச்சம் பிடித்து ஏமாற்றிவிட்டார்களே!" என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்பட வேண்டாம்.

ஒரு தண்டை முறுக்கும்போது அந்த முறுக்கத்தைப் பெரும்பாலும் தாங்குவது அதன் வெளிப்பகுதியே. மையத்தில் உள்ள இரும்புக்கு வேலை மிகக் குறைவு. தண்டின் விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவில் துளையிட்டால் எடையில் 25 சதவீதம் குறையும். வலிமையோ 16-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 சதவீதம் மட்டுமே குறையும். எடை விட்டத்தின் இரண்டாம் படியையும், முறுக்கத்தைத் தாங்கும் திறன் நான்காம் படியையும் ஒட்டி அமைவதே இதற்குக் காரணம். மூங்கிலும் நெற்தாளும் இந்தக் கணக்கை நமக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கின்றன!

சக்கரத்துக்கு நான்கு திருகுகளுக்குப் பதில் மூன்று வைத்ததும் இப்படித்தான். சுமார் 600 கிலோ எடையுள்ள வண்டிக்கு மூன்றே போதும். முன் கண்ணாடியைத் துடைக்க இரண்டு துடைப்பான்களுக்குப் பதில் ஒரே நீளமான துடைப்பான். எஞ்சினைப் பின்னால் வைத்ததால், 3.1 மீட்டர் நீளமே உள்ள காருக்குள் நான்கு பேர் கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது. இவை எல்லாம் நமக்கு இலாபம். நட்டம் யாருக்கும் இல்லை.

எத்தனை குதிரைகள் வேண்டும்?

நானோவின் எஞ்சின் 624 கன செ.மீ. கொள்ளளவும் இரண்டே சிலிண்டர்களும் கொண்டது. திறன் சுமார் 35 குதிரைத் திறன். "இது இழுக்குமா சார்?" என்பதுதான் அன்று எல்லாரும் கேட்ட கேள்வி. கணக்குப் போடுவோம்.

வண்டி 600 கிலோ. நான்கு பேர் 240 கிலோ. மொத்தம் 840 கிலோ. சமமான சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எஞ்சின் இரண்டே எதிர்ப்புகளை வெல்ல வேண்டும். ஒன்று, சக்கரங்களின் உருள் தடை. நல்ல தார்ச் சாலையில் இது எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்கும்; நம் வண்டிக்குச் சுமார் 100 நியூட்டன். மற்றொன்று காற்றுத் தடை. இது வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறும். இந்த அளவுள்ள காருக்கு 50 கி.மீ. வேகத்தில் சுமார் 80 நியூட்டன்.

ஆக மொத்தம் 180 நியூட்டன். மணிக்கு 50 கி.மீ. என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் வரும்: 180 × 13.9 = 2,500 வாட். ஒரு குதிரைத் திறன் 746 வாட். அப்படியானால் தேவைப்படுவது மூன்றரைக் குதிரைகூட இல்லை!

வேகத்தை 100 கி.மீ. ஆக்கினால் காற்றுத் தடை நான்கு மடங்காகிறது. அப்போது சுமார் 16 குதிரைத் திறன் வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மலைப் பாதையில் 40 கி.மீ. வேகத்தில் ஏறவும் ஏறக்குறைய அவ்வளவே. பற்சக்கரங்களில் கொஞ்சம் இழப்பு உண்டு. வேகம் கூட்டவும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். அதற்கும் சேர்த்து 35 தாராளம்.

அன்று உறையின் மேல் நான் போட்ட கணக்கு இதுதான். இதை வைத்துத்தான் "தகும்" என்றேன்.

இரண்டாம் வகையை விரைவாகக் கடந்துவிடலாம். அடிப்படை வகை நானோவில் குளிர்சாதனம் இல்லை, ரேடியோ இல்லை, வெளிக்கண்ணாடி ஓட்டுநர் பக்கம் மட்டும்தான். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்பதால் அதிர்வும் சத்தமும் கொஞ்சம் கூடுதல். 12 அங்குலச் சக்கரங்கள் சிறியவை. சிறிய சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும் என்பதால் குலுக்கலும் உண்டு. வியர்வையும் குலுக்கலும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. வேண்டுமா வேண்டாமா என்பதை வாங்குபவரே முடிவு செய்யலாம்.

விட்டுப்போன பாதி

இப்போது மூன்றாம் வகைக்கு வருவோம். 2014 சனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. எல்லாம் காற்றுப் பை இல்லாத அடிப்படை வகைகள். பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துமே பெற்றது பூஜ்ய நட்சத்திரம். அவற்றுள் நானோவும் ஒன்று.

64 கி.மீ. என்பது பெரிய வேகமா? விநாடிக்கு 17.8 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இயக்க ஆற்றல், ½ × 60 × 17.8 × 17.8, அதாவது சுமார் 9,500 ஜூல். அவர் 16 மீட்டர் உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட ஐந்தாவது மாடியிலிருந்து, விழுந்தால் தரையைத் தொடும்போது இதே ஆற்றல்தான் இருக்கும். ஐந்தாவது மாடியின் விளிம்பில் நிற்க நமக்குக் கால் நடுங்கும். 64 கி.மீ. வேகத்தில் போகும் காரிலோ பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

மோதல் நடந்தால் இந்த 9,500 ஜூலும் எங்காவது போய்த் தீர வேண்டும். விசை × தூரம் = ஆற்றல். தூரம் கூடினால் விசை குறையும். மரத்திலிருந்து வைக்கோல் போரில் குதித்தவன் எழுந்து நடப்பதும், கருங்கல் தரையில் குதித்தவன் கால் ஒடிவதும் இந்தச் சமன்பாட்டால்தான்.

காரின் முன்பகுதி ஒழுங்காக நசுங்கி, இருக்கைப் பட்டியும் காற்றுப் பையும் உடலைப் பிடித்து, 60 செ.மீ. தூரத்தில் நிறுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி விசை சுமார் 16 ஆயிரம் நியூட்டன். கடுமையானதுதான், ஆனால் மனிதன் பிழைக்கலாம். பட்டி போடாமல் முன்பலகையில் மோதி 5 செ.மீ. தூரத்தில் நின்றால்? விசை 1,90,000 நியூட்டன். 19 டன் எடைக்குச் சமம். பிழைப்பதற்கு வழியே இல்லை.

ஆகவே ஒரு காரில் விலைமதிப்புள்ள பொருள்களில் ஒன்று, நசுங்குவதற்கு அது தரும் அந்த அரை மீட்டர் தூரம். அதோடு, முன்பகுதி நசுங்கினாலும் ஆட்கள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். அந்தச் சோதனையில் நானோ உள்ளிட்ட மூன்று கார்களின் கூடு உறுதியற்றது என்று கண்டார்கள். கூடு உறுதியாக இருந்த போலோ காரைக் காற்றுப் பைகளோடு மீண்டும் சோதித்தபோது அது நான்கு நட்சத்திரம் பெற்றது. கூடே நிற்காத காரில் வெறும் பையைச் சேர்த்துப் பெரிய பயன் இல்லை என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

2009-இல் நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். இழுக்குமா என்று பார்த்தேனே தவிர, மோதினால் தாங்குமா என்று பார்க்கவில்லை.

எதனோடு ஒப்பிடுவது?

அப்படியானால் நானோ தகாத பொருளா? "தகுமா?" என்ற கேள்விக்கு முன்னால் "எதனோடு ஒப்பிட்டு?" என்று கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் நசுங்குவதற்கு முன்பகுதியே கிடையாது. தொட்டியின் மேல் உட்கார்ந்த குழந்தைக்குப் பட்டியும் கிடையாது. ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆற்றலும் 64 கி.மீ.க்கு உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்கே. ஆகவே அந்த நால்வருக்கு, பட்டி போட்டுக்கொண்டு ஊருக்குள் மெதுவாகப் போக, அந்தக் கார் மோட்டார் சைக்கிளைவிட மேல். நெடுஞ்சாலையில் 80, 90 என்று விரட்ட அது தகாது. ஒரே பொருள், இரண்டு விடைகள்!

எரிபொருள் கணக்கும் அப்படியே. லிட்டருக்கு 20 கி.மீ. தரும் காரில் நால்வர் போனால், ஆள் ஒருவருக்கு 20 வீதம் ஒரு லிட்டர் 80 ஆள்-கிலோமீட்டர் தருகிறது. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் மோட்டார் சைக்கிளில் இருவர் போனால் 100. அதே காரில் ஒருவர் மட்டும் போனால் வெறும் 20.

இன்னொரு கணக்கு. முதல் கார் 4 இலட்சம், லிட்டருக்கு 20 கி.மீ.; இரண்டாவது 4½ இலட்சம், லிட்டருக்கு 24 கி.மீ. எது இலாபம்? பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால் முதல் காருக்கு 50,000 ரூபாய் பெட்ரோல். இரண்டாவதற்கு ஏறக்குறைய 41,700. மிச்சம் 8,300. கூடுதலாகக் கொடுத்த 50,000 திரும்பிவர ஆறு ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓடும் வாடகைக் காருக்கோ இரண்டே ஆண்டுகள் போதும். விலைச் சீட்டு கடையில் ஒரு நாள் பார்ப்பது. பெட்ரோல் சீட்டு ஆண்டு முழுவதும் பார்ப்பது.

நானோவின் கதை எப்படி முடிந்தது? குஜராத்தில் சாணந்த் என்னுமிடத்தில் அமைந்த தொழிற்சாலை ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் கார்கள் செய்ய வல்லது. எந்த ஆண்டிலும் அதில் பாதிகூட விற்கவில்லை. 2018-இல் உற்பத்தி நின்றது. "மிக மலிவான கார்" என்று விளம்பரமானதே தவறாகப் போயிற்று என்று ரத்தன் டாட்டாவே பின்னர் கூறினார்.

எங்கள் ஆய்வக உதவியாளரும் அதை வாங்கவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவு முன்னால் வந்து நின்றது. பெட்ரோல் தொட்டியின் மேல் உட்கார்ந்து போன அந்தப் பெண் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். அண்மையில் ஒரு புதிய சிறிய காரின் விவரத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், முதல் சம்பளத்திலிருந்து சேர்த்த பணம். இது தகுமா என்று உங்களிடம் கேட்டுவரச் சொன்னார் அப்பா."

இந்த முறை நான் எஞ்சின் பக்கத்தை முதலில் பார்க்கவில்லை. 2019 சூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப் பை கட்டாயம். பிறகு பக்கத்து இருக்கைக்கும் கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனையே கார்களுக்கு நட்சத்திரம் வழங்குகிறது. ஆகவே, "எத்தனை நட்சத்திரம் அம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன். தாளில் அது இல்லை. "அதைக் கேட்டுக்கொண்டு வா. பிறகு ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவாய், எத்தனை பேர் போவீர்கள் என்று சொல். அப்புறம் விலையைப் பேசுவோம்" என்று அனுப்பி வைத்தேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் விற்கும் ஏதாவது ஒரு சிறிய காரின் விவரத் தாளை வாங்கி, அதில் உள்ளவற்றை நாம் பார்த்த மூன்று வகைகளாகப் பிரித்து எழுதுங்கள். பிறகு, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவரின் இயக்க ஆற்றல் எந்த மாடியிலிருந்து விழுவதற்குச் சமம் என்று கணக்கிடுங்கள். விடையை உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.