மூக்குக் குறுகினால் மூச்சும் குறுகும்

விதைநெல் தெரிவு செய்யும் விவசாயி கதிரின் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை. தாள் சாயுமா, நோய் தாங்குமா என்றும் பார்ப்பார். இந்த நிதானம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஐரோப்பாவின் குறுமூக்கு நாய்கள் சாட்சியாக நிற்கின்றன.

1745 ஆம் ஆண்டில் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் தம்மையும் தமது பக் இன நாயையும் ஓவியமாகத் தீட்டினார். அந்த நாய்க்கு முன்தள்ளிய மூக்கு இருந்ததை ஓவியத்தில் காணலாம். இன்றைய பக் நாயின் முகமோ தட்டையானது. 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நாய்க் கண்காட்சிகள் பெருகின. காலப்போக்கில் தட்டை முகமே அழகு எனக் கொண்டு, அத்தகைய நாய்களையே தெரிந்து இனம் பெருக்கினார்கள். புல்டோக், பிரெஞ்சு புல்டோக் இனங்களுக்கும் இதுவே நேர்ந்தது.

உள்ளே நடப்பது என்ன?

முக எலும்பு குறுகியது. உள்ளேயிருக்கும் மென்தசைகள் அதே அளவில் குறுகவில்லை. பெரிய வீட்டுச் சாமான்களைச் சிறு கொட்டிலுக்குள் அடைத்தது போன்ற நிலை இது. நாசித்துவாரங்கள் வெறும் கீறலாக ஒடுங்குகின்றன. மென்னண்ணம் நீண்டு தொண்டை வாயிலை மறைக்கிறது. சில நாய்களில் மூச்சுக்குழாயே ஒடுக்கமானது. ஓயாது வலிந்து மூச்சை இழுப்பதால் குரல்வளையின் சிறு பைகள் பிதுங்குகின்றன. நாளடைவில் குரல்வளைக் கசியிழையமும் தளர்ந்து உட்சரியலாம்.

நாய் எம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே சூட்டைத் தணிக்கிறது. காற்றுவழி அடைபட்டால் சூடு உள்ளேயே தங்கும். எனவே வெயில் நாளில் சிறிது ஓடினாலே இந்நாய்கள் மயங்கி விழவும் இறக்கவும் கூடும். விழித்திருக்கும்போதே குறட்டை போன்ற ஒலி, உணவைக் கக்குதல், நித்திரையில் திடுக்கிட்டெழுதல், நாக்கு நீலம் பாய்தல் ஆகியன நோயின் அறிகுறிகள். "இந்த இனமே இப்படித்தான்" என்று இருந்துவிடுவது ஆபத்தானது.

சத்திரசிகிச்சை

மிருக வைத்தியர் நாசித்துவார ஓரத்தில் சிறு ஆப்பு வடிவில் தசையை வெட்டித் தைத்து வழியை அகலப்படுத்துகிறார். நீண்ட மென்னண்ணத்தைக் கத்தரிக்கிறார். தேவையானால் பிதுங்கிய பைகளையும் அகற்றுகிறார். குரல்வளை தளருமுன், இளவயதிலேயே செய்தால் பலன் அதிகம். மயக்கம் தெளியும் வேளையே மிகுந்த கவனம் வேண்டிய வேளை. தொண்டை வீங்கி மூச்சு அடைபடக்கூடும் என்பதால், நாய் நன்கு விழிக்கும் வரை சுவாசக் குழாயை எடுக்காமல் அருகிருந்து பார்க்கிறார்கள்.

அநேக நாய்கள் இதனால் சுகம் காண்கின்றன. ஆயினும் ஒடுங்கிய மூச்சுக்குழாயைச் சத்திரசிகிச்சையால் அகலமாக்க முடியாது. உடல் பருக்க விடாதிருத்தல், கழுத்துப்பட்டிக்குப் பதிலாக மார்புப்பட்டி அணிவித்தல், வெயிலுக்கு முன்பே நடக்க விடுதல் என்பன எப்போதும் தேவை.

வேரிலே திருத்தம்

கத்தியால் ஒரு நாயைத் திருத்தலாம்; அதன் குட்டிகளைத் திருத்த முடியாது. இதை உணர்ந்த நெதர்லாந்து, துன்பம் தரும் உடலமைப்புள்ள விலங்குகளை இனம் பெருக்குவதை 2014 இல் சட்டத்தால் தடுத்தது. பிரித்தானியாவில் 2019 முதல், மூன்று நிமிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூச்சொலியைக் கேட்டு, நாய்களை 0 முதல் 3 வரை தரப்படுத்தும் பரிசோதனை நடைபெறுகிறது. மோசமான தரமுள்ளவற்றை இனவிருத்திக்கு விடாதிருக்க இது உதவுகிறது.

விதையில் செய்த பிழையை விளைந்தபின் திருத்துவது கடினம். வயலில் நாம் கற்ற இப்பாடம் நாய்க்கும் பொருந்தும்.