மூட்டுக்குக் கிழங்கு, சுகருக்கு மாத்திரை: இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா? டாக்டரிடம் சொல்ல வேண்டியது என்ன?

"முழங்கால் வலியா? முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிங்க, சரியாயிடும்." கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இருக்கிறது இந்த மலை. இங்குள்ள பல 'நாடு'களில் ஒன்று பெரக்கரை நாடு. மலையாளி பழங்குடியினர் வாழும் இந்த மலையில் மூலிகை வைத்தியம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அதே மலையில், செம்மேட்டில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது.

நோயாளிகள் எப்படிப் பார்க்கிறார்கள்?

மூட்டுவலி, சளி, வயிற்றுக் கோளாறு என்றால் முதலில் நாட்டு மருந்து. பிரசவம், விபத்து, விடாத காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். "இங்கிலீஷ் மருந்து உடனே கேட்கும், ஆனா சூடு. நாட்டு மருந்து மெதுவாத்தான் கேட்கும், ஆனா பக்கவிளைவு கிடையாது" என்பது பரவலான நம்பிக்கை.

இது சரியா?

முழுக்கச் சரியில்லை. உடலில் வேலை செய்யும் எந்த மருந்துக்கும் பக்கவிளைவு இருக்கலாம். உதாரணத்துக்கு, சிறுகுறிஞ்சான் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக் கூடியது. சுகர் மாத்திரையோடு அதையும் சேர்த்து எடுத்தால், சர்க்கரை அளவு திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

சிக்கல் எங்கே?

மறைப்பதில்தான். டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து பலர் கஷாயம் குடிப்பதைச் சொல்வதில்லை. அது தெரியாமல் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினால் ஆபத்து நோயாளிக்குத்தான்.

உண்மையில் பயப்படத் தேவையில்லை. தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் செயல்படுகிறது. டெங்கு பரவிய காலங்களில் நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்கியது.

எதில் தாமதிக்கவே கூடாது?

பாம்புக்கடி. விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலைக்காகக் காத்திருப்பது எல்லாமே உயிருக்கு ஆபத்து. இந்த ஊசியிலும் பழங்குடியினரின் அறிவு கலந்திருக்கிறது. இதற்கான விஷத்தைப் பல ஆண்டுகளாக எடுத்துத் தருபவர்கள் மாமல்லபுரம் அருகே கூட்டுறவு சங்கம் நடத்தும் இருளர்கள்.

என்ன செய்யலாம்?

* சாப்பிடும் மூலிகை, பொடி, கஷாயம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* பெயர் தெரியாவிட்டால் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.
* சுகர், பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் எடுக்க வேண்டாம்.