குடோன் காற்றும் கரண்ட் பில்லும்



கடை வாடகை நூறு ரூபாய் கூடினால் கட்டடச் சொந்தக்காரரிடம் போய்ப் பேசுகிறோம். லாரி வாடகை ஏறினால் புக்கிங் ஆபீசில் சத்தம் போடுகிறோம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லை மட்டும் மறுபேச்சின்றிக் கட்டிவிட்டு, பேரேட்டில் செலவு எழுதிவிடுகிறோம். அதில் குடோன் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும், கடை சீலிங் ஃபேனுக்கும் எவ்வளவு போகிறது என்று தனியாகக் கணக்குப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. அந்தக் கணக்கை இங்கே பார்ப்போம்.

முதலில் கணக்கு

ஒரு குடோனில் 250 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் 4 ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 வாட். மணிக்கு 1 யூனிட். காலையில் போட்டு இரவில் அணைத்தால் 12 மணி நேரம், 12 யூனிட். மாதம் 360 யூனிட். கணக்குக்கு எளிதாக யூனிட் 10 ரூபாய் என்றால் மாதம் 3,600 ரூபாய். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுச் சரியான தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே ஃபேன்களைத் தேவையான 5 மணி நேரம் மட்டும் ஓட்டினால் 150 யூனிட், 1,500 ரூபாய். மிச்சம் மாதம் 2,100 ரூபாய். சீனியில் கிலோவுக்கு 1 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொண்டால், இது 50 கிலோ மூட்டை 42 விற்றுக் கிடைக்கும் லாபம். அந்த 42 மூட்டைக்கு முதல் போட வேண்டும், இறக்குகூலி தர வேண்டும், கடன் வசூலுக்கு நடக்க வேண்டும். ஃபேனை அணைப்பதற்கு ஒன்றும் வேண்டாம்.

எந்த 5 மணி நேரம்?

காலை வெயில் ஏறி ஈரம் குறைந்த பின் 1 மணி நேரம், சரக்கு ஏற்றி இறக்கும்போது 2 மணி நேரம், வெயில் தாழ்ந்த பின் 2 மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். மறந்துபோகும் கடைகளில் ஒரு டைமர் சுவிட்சைப் போட்டுவிட்டால் அது தானே பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆள் வேலை செய்யும்போது சிக்கனம் பார்க்கக்கூடாது. வத்தல் மூட்டையையும் மல்லி மூட்டையையும் தலையில் சுமக்கிறவர் அந்த நெடியில்தான் நாள் முழுவதும் மூச்சு விடுகிறார். அவர் உள்ளே இருக்கும் வரை ஃபேன் ஓடியே ஆக வேண்டும். அவர் நுரையீரலில் மிச்சம் பிடித்து நாம் லாபம் காண வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்று ஈரமாக இருக்கும்போது ஃபேன் போட்டால், ஈரத்தை நாமே காசு கொடுத்து உள்ளே இழுத்ததாகும். சீனியும் உப்பும் வெல்லமும் கசியும். நிலக்கடலையும் வத்தலும் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையில் சில வகை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கக்கூடியது. எனவே மழை நாளில் மூடி வைத்து, வெயில் அடித்துக் காற்று உலர்ந்த நாளில் திறந்து விடுங்கள்.

புதியது வாங்கும் முன்

காற்று குறைந்துவிட்டது என்றவுடன் புது ஃபேன் வாங்க ஓட வேண்டாம். எங்கள் பஜாரில் ஒரு பருப்பு வியாபாரியிடம், 6 ஃபேனையும் மாற்ற வேண்டும் என்று ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். பழைய மெக்கானிக் ஒருவரை அழைத்துக் கழற்றிப் பார்த்ததில், 4 ஃபேனில் றெக்கையில் விரல் கனத்துக்கு அழுக்கும், கெப்பாசிட்டர் பலவீனமும்தான் குறை. இரண்டு மட்டுமே காயில் கருகி மாற்ற வேண்டியவையாக இருந்தன. நான்குக்கு ஆன செலவு ஒரு புது ஃபேன் விலையை எட்டவில்லை.

பார்க்க வேண்டியவை இவைதான்:

1. றெக்கையிலும் கம்பி வலையிலும் படிந்த தூசி. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் காற்று வெகுவாகக் குறையும், கரண்ட் குறையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை துடைத்தால் போதும்.

2. கெப்பாசிட்டர். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ, கையால் தள்ளி விட்டால்தான் கிளம்பினாலோ முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். விலை சொற்பம்.

3. பேரிங். கரகரவென்று சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள். தாமதித்தால் காயிலும் சேர்ந்து போய்விடும்.

4. வெளிப்புற ஷட்டர். துருப்பிடித்துப் பாதி திறந்து நின்றால் ஃபேன் ஓடியும் பயனில்லை.

5. ரீவைண்டிங். செம்புக் கம்பிதானா என்று நேரில் பார்த்துக் கொடுங்கள். அதே கனத்தில் அலுமினியக் கம்பி சுற்றினால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். சூடு ஏறும், யூனிட் கூடும். ரீவைண்டிங் செலவு புது ஃபேன் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குவதே நல்லது.

வேலை பார்க்கும் முன் மெயினை அணையுங்கள். கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதை மறவாதீர்கள்.

காற்றுக்கு வழி

எத்தனை ஃபேன் போட்டாலும் காற்று உள்ளே வர வழி இல்லையென்றால் வெளியேயும் போகாது. ஃபேனுக்கு எதிர்ச் சுவரில், தாழ்வாக, எலி புகாத வலையடித்த ஜன்னல் வேண்டும். ஃபேன் பக்கத்திலேயே கதவு திறந்திருந்தால் அந்தக் கதவுக் காற்றே சுற்றிச் சுற்றிப் போகும். மூலையிலுள்ள மூட்டைக்குக் காற்றே படாது. மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல், கட்டைமேல் அடுக்குவதும் இதற்காகத்தான்.

60 அடி நீளம், 30 அடி அகலம், 15 அடி உயரக் குடோன் 27,000 கன அடி. மணிக்கு 6 முறை காற்று மாற வேண்டுமென்றால் 1,62,000 கன அடி, அதாவது சுமார் 4,590 கன மீட்டர். ஃபேன் எவ்வளவு காற்றுத் தள்ளும் என்பது விலைப்பட்டியலில் இருக்கும். கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கையை விட்டு, இந்தக் கணக்கோடு போய் வாங்குங்கள்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே வெள்ளையடித்தால் உள்ளே சூடு குறையும். ஃபேன் வேலையும் குறையும். ஆஸ்பெஸ்டாஸைத் துளையிடும்போது வரும் தூசி நுரையீரலுக்குத் தீங்கு; அதை நம் கடைப் பையன்களைக் கொண்டு செய்யாதீர்கள்.

பெல்ட்டில் ஓடும் புளோயர்

மாவு மில், பருப்பு மில் வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. காற்றுத் தள்ளும் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தால், கரண்ட் அதைவிடப் பல மடங்கு குறையும். மோட்டார் புல்லியை 5 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக மாற்றினால் வேகமும் காற்றும் 80 சதம் ஆகும். இழுக்கும் கரண்டோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்த அளவு காற்றுப் போதுமா என்று மெக்கானிக்கைக் கேட்டபின் செய்யுங்கள். தளர்ந்த பெல்ட்டை இறுக்குங்கள். இரண்டு, மூன்று பெல்ட் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். மாவுத்தூசி தீப்பற்றக்கூடியது, அங்கே மூடிய வகை மோட்டாரே வேண்டும்.

சீலிங் ஃபேன்

பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில், இப்போதைய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. கடையில் 6 ஃபேன், 12 மணி நேரம் என்றால் மாதம் 97 யூனிட், சுமார் 970 ரூபாய் மிச்சம். ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் 18,000 ரூபாய் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரை இதற்குப் பொருத்தக்கூடாது.

இறுதியாக

பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைட் மாத்திரை வைப்பதை அனுமதி பெற்ற ஆட்களிடமே விடுங்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும். எக்ஸாஸ்ட் சுவிட்ச் குடோனுக்கு வெளியே இருந்தால், உள்ளே ஒருவர் நுழையாமலே காற்றை வெளியேற்றிவிடலாம். இதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அடுத்த விடுமுறை நாளில் ஏணி போட்டு ஒரு ஃபேனை இறக்கிப் பாருங்கள். இரண்டு பில் வந்தபின், முன்னும் பின்னும் உள்ள யூனிட்டைப் பேரேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து ஒப்பிடுங்கள். வரவைக் கூட்டுவது சந்தையின் கையில். இந்தச் செலவைக் குறைப்பது நம் கையில்.