கிட்டார் பயிலும் இளவிரல்கள்

கிட்டார் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பது இன்று நம் இல்லங்களில் புதிதன்று. ஆர்வத்துடன் வாங்கிய வாத்தியம் சில மாதங்களில் பரண் ஏறுவதும் நாம் காண்பதே. பிள்ளையின் சோம்பலே காரணமென்று கடிந்துகொள்கிறோம். ஆனால் பல வேளைகளில் உண்மைக் காரணம் விரல் வலியே.

எஃகுத் தந்தி இளவிரலை வருத்தும். ஆகவே, நைலான் தந்திக்கென்றே செய்த கிட்டார் தொடக்கத்திற்கு ஏற்றது. சிறுவர்க்கெனச் சிறிய அளவிலும் அது கிடைக்கும். விரலை மெட்டின்மேல் வையாமல், தலைப்பக்கமாக அதனை ஒட்டி அழுத்தினால், சிறு அழுத்தத்திலேயே நாதம் தெளிவாக எழும்.

முதற்பாடம் எளிதாயிருத்தல் வேண்டும். மெல்லிய தந்தியை முதலாவதாகக் கொண்டு எண்ணுக. 4, 5ஆம் தந்திகளை இரண்டாம் மெட்டில் இரு விரல்களால் அழுத்தி, ஆறு தந்திகளையும் மீட்டினால் ‘ஈ மைனர்’ என்னும் சுரக்கூட்டு பிறக்கும். தன் கையால் இனிய ஒலி எழக் கேட்ட பிள்ளை, மறுநாளும் வாத்தியத்தைத் தேடும். ஞாயிறன்று ஒரு மணி நேரம் வருந்துவதினும், நாள்தோறும் பத்து நிமிடம் பழகுவது நன்று. சில வாரங்களில் விரல்நுனி உரம் பெறும்.

வீணை ஒலித்த வீட்டில் கிட்டாரா என வருந்துவோரும் உளர். மேனாட்டாரின் ‘மேஜர்’ வரிசைக்கும் நம் சங்கராபரணத்திற்கும் சுரத்தானங்கள் ஒன்றே. கிட்டாரிலேயே கருநாடக இசைக் கச்சேரி செய்துவருபவர் ஆர். பிரசன்னா. ஆதலின் பிள்ளை அவ்வரிசையை மீட்டும்போது, பெற்றோர் அருகமர்ந்து சுரம் பாடுவாராக. கற்பவர்க்கு அதனினும் சிறந்த துணை வேறில்லை.