குள்ளநரிக்கு ஏற்ற வீடு எது?

குற்றாலத்து அடர்ந்த காடு. தென்காசிக்குக் கிழக்கே வறண்ட செம்மண் தரிசு. இவ்விரண்டில் குள்ளநரிக்கு ஏற்ற இடம் எது? காடு என்றுதானே சொல்வீர்கள்? இல்லை, தரிசுதான்!

இரண்டு மூன்று கிலோ எடையும் கருநுனி வாலும் கொண்டது இந்திய குள்ளநரி. வளை தோண்ட ஏற்ற மண், தின்ன எலியும் கறையானும் வெட்டுக்கிளியும், பகையைத் தொலைவிலேயே காண வெட்டவெளி, இவையே அதற்குத் தேவை.

ஊரும் வயலும் சூழ்ந்த நிலத்தில் அது எங்கே வாழ்கிறது? சோலாப்பூர் அருகே நான்னஜில் அபி வனக் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். குள்ளநரிகளின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டப்பட்டது. இரண்டு இடங்களில் நின்று ஆன்டெனாவைத் திருப்பி, அலை வலுவாக வரும் திசைகளைக் கோடுகளாக வரைந்தால், அவை வெட்டும் புள்ளியே விலங்கு இருக்கும் இடம். வடிவகணிதம் எப்படி உதவுகிறது, பார்த்தீர்களா?

2010-இல் வெளியான முடிவு: குள்ளநரிகள் பெரிதும் நாடியது இயற்கைப் புல்வெளியையே. நாய் அருகிலிருந்தால் அவை இரை தின்பதையே குறைத்துக்கொள்கின்றன என்பதும் 2009-இல் தெரியவந்தது.

மாணவர்களே, தரிசு வெறும் நிலமன்று. அங்கே மரம் நடப் புறப்படுமுன், வளை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்!